2001 டாட்ஜ் ராம் 2500, 47ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பராமரிப்பு போதுமா, மேம்படுத்த வேண்டுமா?

மலைச்சாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டென்வர் நகருக்கு மேற்கே மலையடிவாரத்தில் வசிக்கிறேன். சென்ற கோடையில் 2001ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். 5.9 லிட்டர், 24 வால்வு கம்மின்ஸ் டீசல் எஞ்சின், 47ஆர்இ நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின் அச்சில் 3.54 விகிதம். இதுவரை ஓடியது ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல். எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை; கவலையெல்லாம் கியர்பாக்ஸைப் பற்றித்தான்.

குடும்பத்துடன் முகாமிடப் போகும்போது சுமார் 7,000 பவுண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக மேற்கே செல்வோம். சுரங்கம் இருப்பதே 11,000 அடிக்கு மேல். அதைத் தாண்டியவுடன் சில்வர்தார்ன் வரை செங்குத்தான இறக்கம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு கியர்பாக்ஸ் படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

மூன்று தொல்லைகள் உள்ளன. முதலாவது, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால், சில நொடிகள் கழித்தே நகர்கிறது. இரண்டாவது, சமதரையில் 45 மைல் வேகத்தை ஒட்டி ஓட்டும்போது, ஆக்சிலரேட்டரை அசைக்காமல் வைத்திருந்தாலும் ஆர்பிஎம் முள் சுமார் 300 ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்கப் (அதை நழுவாமல் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) விழுந்து விழுந்து, அதாவது பூட்டிப் பூட்டி, விடுவது போலத் தோன்றுகிறது. மூன்றாவது, சென்ற முறை சுரங்கத்துக்கு முந்தைய ஏற்றத்தில் ஆயில் கருகும் வாடை வந்தது. வண்டியில் கியர்பாக்ஸ் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் கிடையாது.

முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றியதற்கான சான்று எதுவும் இல்லை. அருகில் உள்ள ஒரு பட்டறையில் காட்டியபோது, ஓட்டிக்கூடப் பார்க்காமல், முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான டாலருக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேறு சிலரோ, இத்தனை மைல் ஓடிய பெட்டியில் புது ஆயில் ஊற்றினால் அது உடனே நின்றுவிடும், தொடாதே என்கிறார்கள். ஆயிலை மாற்றலாமா? பிரித்தே ஆக வேண்டுமா? எஞ்சினுக்கு 60 குதிரைத்திறன் கூட்டும் பவர் பாக்ஸ் ஒன்றையும் பொருத்த ஆசை இருக்கிறது. அதை இந்தக் கியர்பாக்ஸ் தாங்குமா?

மின்கம்பி

வணக்கம் நண்பரே. நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் இரண்டாவது தொல்லையைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஏனெனில் அதை நம்பி நல்ல கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் நிறைய.

1998ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸ் வண்டிகளில், 45 மைல் வேகத்தில் லாக்கப் விழுந்து எழுவது மிகப் பரிச்சயமான குறை. பெரும்பாலும் அது கியர்பாக்ஸுக்கு உள்ளே இருப்பதில்லை, மின்சாரத்தில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் டையோடு ஒன்று பழுதானால், பேட்டரிக்குப் போகும் நேர்மின்னோட்டத்தோடு மாறுமின்னோட்டமும் கலந்து வரும். அந்த இரைச்சல் ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரின் சிக்னலில் ஏறுகிறது. ஓட்டுநர் பெடலை அசைக்கிறார் என்று எண்ணி கம்ப்யூட்டர் லாக்கப்பை விடுவிக்கிறது. மறுகணமே திரும்பப் போடுகிறது. இப்படி நாள் முழுவதும் விழுந்து எழுந்தால் லாக்கப் கிளட்ச் உண்மையாகவே தேய்ந்துபோகும் என்பதால், இதை ஆறப்போடவும் கூடாது.

சோதிப்பதற்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளையும் ஹீட்டர் விசிறியையும் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, முனைகளை நேரடியாகப் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வையுங்கள். கிளாம்ப்பில் வைக்க வேண்டாம். 0.05 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். உறுதி செய்ய விரும்பினால், எஞ்சினை அணைத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு கனெக்டரைக் கழற்றி, பேட்டரியின் பலத்திலேயே ஒரு சிறிய சுற்று ஓட்டிப் பாருங்கள். ஆர்பிஎம் முள் அசையாமல் நின்றால் கியர்பாக்ஸ் மீது பழி இல்லை.

இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. இரண்டின் எர்த் கம்பிகளையும், அவை எஞ்சினிலும் உடலிலும் முடுக்கப்பட்டுள்ள இடங்களையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். உப்புத் தூவும் குளிர்காலச் சாலைகளில் ஓடிய வண்டியில் அந்த இடங்கள் பச்சை பூத்துத்தான் இருக்கும்.

பழைய பட்டறைக்காரன்

தம்பி, மின்கம்பி எழுதியதைச் செய்துவிட்டு இங்கே வாருங்கள். டீசல் பிக்கப்களையே வாழ்நாள் முழுவதும் பார்த்தவன் என்ற முறையில் மற்ற இரண்டையும் சொல்கிறேன்.

காலையில் வண்டி தாமதமாக நகர்வதற்குக் காரணம், பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டரில் உள்ள ஆயில் இரவில் பானுக்கு (கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டு) வடிந்துவிடுவதுதான். 47ஆர்இயில் ஒரு தனித்தன்மை உண்டு. லீவர் பார்க்கில் இருக்கும்போது கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது, நியூட்ரலில்தான் போகும். ஆகவே ஸ்டார்ட் செய்ததும் பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலில் போட்டு, பத்துப் பதினைந்து நொடி விட்டுவிட்டு டிரைவுக்கு மாற்றுங்கள். தாமதம் மறைந்துவிட்டால், முன் பம்ப்பும் கிளட்ச்சும் அந்த அளவில் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். மறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆயில் அளவைப் பார்ப்பதும் இதே விதிப்படிதான்: எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும், லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் வைத்துப் பார்க்கிற பழக்கத்தால் ஆயில் அளவு தவறிப்போன வண்டிகளை நிறையக் கண்டிருக்கிறேன்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று. ஆயில் வடியாமல் இருக்கட்டும் என்று, கூலருக்குப் போகும் குழாயில் ஒரு செக் வால்வ் (ஒரு திசையில் மட்டும் ஆயிலை விடும் அடைப்பு) வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் அது கிளட்ச் துகள்களால் பாதி அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆயில் அங்கே போய்ச் சேராது. உங்கள் கருகல் வாடைக்கு நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். அதை எடுத்துவிட்டு நேரான குழாய் போடுவது நல்லது. அதன்பின் காலையில் கொஞ்சம் கூடுதலாக வடியும். அதற்குத்தான் நியூட்ரல் பழக்கம்.

இனி ஆயில். புது ஆயில் ஊற்றினால் பெட்டி நின்றுவிடும் என்பது பாதி உண்மையைக் கொண்டு கட்டிய பயம். கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே கருகி, தேய்ந்த தூள் ஆயிலில் மிதந்துகொண்டு அந்தத் தூளின் உராய்வில்தான் வண்டி ஓடுகிறது என்ற நிலைமை இருந்தால், ஆயிலை மாற்றியதும் நழுவத் தொடங்கும். அப்படிப்பட்ட பெட்டி, மாற்றாவிட்டாலும் அடுத்த ஏற்றத்தில் நிற்கப்போவதுதான். ஆகவே பானைக் கழற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போன்ற படிவு மெல்லியதாக இருந்தால் அது இயல்பு. விரலில் தேய்த்தால் நறநறக்கும் கருந்தூள் பானின் அடியில் குவிந்திருந்தாலோ, பித்தளை நிறச் சீவல்கள் மின்னினாலோ, பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

கம்பெனி பானில் டிரெயின் பிளக் கிடையாது. பின்பக்க போல்ட்டுகளை முதலில் தளர்த்தி, ஒரு மூலையைச் சாயவிட்டு வடியுங்கள். இல்லாவிட்டால் ஆயிலில் குளிக்க நேரும். பானைக் கழற்றினால் மொத்த ஆயிலில் பாதிகூட வராது, மிச்சமெல்லாம் கன்வர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் ஃபில்டரை மாற்றிப் பானை மூடியபின், கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். வாளியில் இரண்டு குவார்ட் (ஒரு குவார்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர்) விழுந்ததும் எஞ்சினை நிறுத்தி, அதே இரண்டு குவார்ட்டை மேலே ஊற்றுங்கள். சிவப்பாகத் தெளிந்து வரும்வரை இப்படியே செய்தால், மொத்தம் பதினாறு பதினேழு குவார்ட் ஆகும். ஊற்ற வேண்டியது ஏடிஎஃப்+4 என்ற கிறைஸ்லர் தர ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மட்டுமே. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சீட்டு ஒட்டிய ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். எந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவும் முறையும் வேண்டாம்.

பான் கீழே இருக்கும்போதே பேண்டுகளை, அதாவது கியர் மாற உள்ளே டிரம்களைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளை, சரிசெய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முன் பேண்டின் ஸ்க்ரூ, பெட்டியின் இடப்புறம் வெளியே இருக்கிறது. பின் பேண்டின் ஸ்க்ரூ உள்ளே. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை 72 இஞ்ச்-பவுண்டுக்கு முடுக்கி, பிறகு முன் பேண்டுக்கு 1⅞ சுற்றும், பின் பேண்டுக்கு 3 சுற்றும் பின்னோக்கித் திருப்ப வேண்டும். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முன் பேண்டுக்கு 30, பின் பேண்டுக்கு 25 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். இந்த எண்கள் 47ஆர்இக்கு உரியவை. 46ஆர்இக்கும் 48ஆர்இக்கும் இவற்றைப் போடக் கூடாது. ரிவர்ஸ் மந்தமாக விழுவதும், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஆர்பிஎம் துள்ளுவதும் இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துபோவது உண்டு.

கடைசியாக, திராட்டில் வால்வ் கேபிள். பெடலோடு சேர்ந்து அசையும் இந்தக் கேபிள்தான், எவ்வளவு சுமை வருகிறது என்று வால்வ் பாடிக்கு (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்கும் பேண்டுகளுக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) சொல்கிறது. அது தளர்ந்திருந்தால் சுமை ஏறும்போது ஆயில் அழுத்தம் ஏறாது. கிளட்ச்சுகள் நழுவிக் கருகும். பெடல் முழுவதும் விட்ட நிலையில் கேபிளில் தொய்வு இருக்கக் கூடாது.

மலைச்சாலை

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றைச் செய்துவிட்டு எழுதுகிறேன். பேட்டரியில் ஏசி அளவு 0.3 வோல்ட் காட்டியது. ஃபீல்டு கனெக்டரைக் கழற்றி ஓட்டியபோது ஆர்பிஎம் முள் ஆடவே இல்லை. ஆல்டர்னேட்டரை மாற்றி, எர்த் முனைகளையும் சுத்தம் செய்தபின் அந்தத் தொல்லை முற்றிலும் நின்றது.

பானைக் கழற்றினேன். ஆயில் பழுப்பேறி, லேசான தீய்ந்த வாடையுடன் இருந்தது. காந்தத்தில் சாம்பல் நிறப் படிவு கனமாகவே இருந்தது; ஆனால் நறநறப்போ பித்தளைச் சீவலோ இல்லை. முன் பேண்டு நிறையவே தளர்ந்திருந்தது. கூலர் குழாயின் செக் வால்வை எடுத்து வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று சிரமப்பட்டே போயிற்று. நியூட்ரலில் வைத்து எடுத்தால் காலைத் தாமதமும் இல்லை. பழைய பட்டறைக்காரர் ஐயா சொன்ன இடத்திலேயே குறை இருந்தது.

இனி மேம்பாட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பணம் ஒரே தடவையில் இல்லை. படிப்படியாகத்தான் செய்ய முடியும். எதை முதலில் செய்வது?

இழுவைக்காரர்

வணக்கம். பானில் பார்த்ததை வைத்துச் சொன்னால், உங்கள் கியர்பாக்ஸுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வெப்பம், அழுத்தம், கன்வர்ட்டர், அதன்பிறகே எஞ்சின் சக்தி என்பதுதான் என் வரிசை. பவர் பாக்ஸை முதலில் வாங்கி மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பவர்களின் வண்டிகள்தான் கயிறு கட்டிப் பட்டறைக்கு வருகின்றன.

ஏன் இப்படி என்பதற்கு இந்தப் பெட்டியின் வரலாறே காரணம். 47ஆர்இ அடிப்படையில் 1962இல் வந்த கிறைஸ்லரின் மூன்று கியர் டார்க்ஃப்ளைட் 727இன் வழித்தோன்றல். அதன் பின்னால் ஓர் ஓவர்டிரைவ் அலகை (எஞ்சின் மெதுவாகச் சுழன்றே வேகமாக ஓட உதவும் கியர்) சேர்த்து நான்காக்கினார்கள். விகிதங்கள் 2.45, 1.45, 1.00, 0.69. உங்கள் ஆண்டில், ஆட்டோமேட்டிக்கோடு வந்த கம்மின்ஸுக்கு 235 குதிரைத்திறனும் 460 அடி-பவுண்டு முறுக்குவிசையும் கொடுத்தார்கள். 505 அடி-பவுண்டு தரும் எஞ்சினை ஆறு கியர் மேனுவலோடு மட்டுமே விற்றார்கள். விற்ற கம்பெனியே அந்தக் கூடுதல் முறுக்குவிசையை இந்தப் பெட்டிக்குக் கொடுக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 60 குதிரைத்திறனைப் பற்றி யோசியுங்கள்.

முதலில் வெப்ப மீட்டர் வாங்குங்கள். சென்சாரைப் பானில் வைப்பதா, கூலருக்குப் போகும் குழாயில் வைப்பதா என்று கேட்பீர்கள். முடிந்தால் இரண்டிலும். பானில் உள்ளது பெட்டியின் பொதுநிலையைச் சொல்லும். குழாயில் உள்ளது கன்வர்ட்டரிலிருந்து அந்தக் கணத்தில் வெளிவரும் சூட்டைச் சொல்லும். லாக்கப் விழாமல் ஏற்றத்தில் தவழும்போது குழாயில் 250 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது அரிதல்ல; பான் மெதுவாகத்தான் அதை எட்டும். 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பானில் 200ஐத் தாண்டாமல் ஓட்டுவதை இலக்காக வையுங்கள்.

அடுத்து, டிரெயின் பிளக் உள்ள ஆழமான அலுமினியப் பான். அது கூடுதல் ஆயிலைப் பிடிக்கும் என்பதைவிட, அடுத்த முறை ஆயில் மாற்றுவது எளிதாகும் என்பதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள காற்றுக் கூலரின் இடுக்குகளில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யுங்கள். அது போதாவிட்டால் பெரியதாக மாற்றலாம்.

அதன்பின் வால்வ் பாடி. இங்கேதான் கொடுத்த பணத்துக்கு அதிகமான பலன் கிடைக்கும். நல்ல முறையில் திருத்திய வால்வ் பாடி, லைன் அழுத்தத்தை (கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிக்கும் ஆயில் அழுத்தம்) சுமைக்கேற்பக் கூட்டும்; பார்க்கிலும் கன்வர்ட்டருக்கு ஆயில் போகச் செய்யும்; கியர் மாற்றத்தை இழுக்காமல் சட்டென்று முடிக்கும். கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பிரஷர் சோலினாய்டையும், அதை அளக்கும் டிரான்ஸ்டியூசரையும் அதே சமயத்தில் புதியதாக மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டர் காட்டும் பி1762, பி1763, பி1764 என்ற பழுதுக் குறியீடுகளும், கியர்கள் நேரத்துக்கு விழாமல் தொங்குவதும் பெரும்பாலும் இவற்றால்தான். ஆனால் அழுத்தம் அதிகமானால் இன்னும் நல்லது என்று அளவில்லாமல் கூட்டக் கூடாது; சீல்களும் பேண்டைத் தாங்கும் பாகங்களும் அதற்கு விலை கொடுக்கும்.

மூன்றாவதாக, கன்வர்ட்டர். கம்பெனிக் கன்வர்ட்டரில் லாக்கப்புக்கு ஒற்றைத் தகடுதான். அதன் முன்மூடி அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும் தகரம். கம்மின்ஸ் தன் முறுக்குவிசையைக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே தருவதால், ஸ்டால் (வண்டி நகராமல் பிடித்திருக்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்ச ஆர்பிஎம்) குறைவான, இறுக்கமான ஸ்டேட்டர் (உள்ளே ஆயிலைத் திருப்பிவிடும் சக்கரம்) கொண்ட கன்வர்ட்டர் சுமை இழுக்கும்போது வெகுவாகச் சூட்டைக் குறைக்கும். லாக்கப் விழாத முதல், இரண்டாம் கியர்களில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மூன்று தகடு கன்வர்ட்டர் போட்டால் லாக்கப் நழுவாது. ஆனால் அதுவரை நழுவித் தணிந்த அதிர்ச்சி முழுவதும் இன்புட் ஷாஃப்ட்டில் (கன்வர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) இறங்கும். பெரிய சக்தியோடு மூன்று தகடு வைப்பவர்கள் உயர்தர எஃகில் கடைந்த இன்புட் ஷாஃப்ட்டையும், எஞ்சினோடு கன்வர்ட்டரை இணைக்கும் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கனமானதாகவும் சேர்த்தே போட வேண்டும். உங்கள் 60 குதிரைத்திறனுக்கு, கெட்டியான மூடியுள்ள நல்ல ஒற்றைத் தகடு கன்வர்ட்டரே போதும் என்பது என் கருத்து.

பழைய பட்டறைக்காரன்

இழுவைக்காரர் சொன்ன வரிசையை ஏற்கிறேன். கன்வர்ட்டரில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். கன்வர்ட்டரை மாற்றப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல் ஓடிய பெட்டியை இறக்கிவிட்டு, உள்ளே பார்க்காமல் திரும்ப ஏற்றுவது பணத்தை மிச்சப்படுத்துவதாகாது. அந்த வேலையை, பிரித்துக் கட்டும் பணம் சேர்ந்தபின் ஒன்றாகச் செய்யுங்கள். அதுவரை பவர் பாக்ஸ் வேண்டாம்.

நீங்களே பிரிக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: பின்னால் உள்ள ஓவர்டிரைவ் அலகுக்குள் 800 பவுண்டு அளவுக்கு அழுத்திவைத்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. பிரஸ்ஸும் அதற்கான கருவியும் இல்லாமல் அதைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

மலைச்சாலை

தெளிவான பதில்களுக்கு நன்றி. மீட்டரும் ஆழமான பானும் இந்த மாதம். வால்வ் பாடி இளவேனிலுக்கு முன். பவர் பாக்ஸ் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் இறக்கத்துக்கு எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வண்டியை மெதுவாக்கும் கருவி) பொருத்தலாமா?

இழுவைக்காரர்

வால்வ் பாடிக்கு முன்னால் பொருத்தாதீர்கள். இறக்கத்தில் உங்கள் கால் பெடலில் இருக்காது. ஆகவே திராட்டில் வால்வ் கேபிள் சுமையே இல்லை என்று சொல்லும், லைன் அழுத்தம் மிகக் கீழே நிற்கும். அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் கன்வர்ட்டர் வழியாகச் சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். குறைந்த அழுத்தத்தில் அவ்வளவு விசையைத் தாங்க முடியாமல் கிளட்ச்சுகள் நழுவும். எக்ஸாஸ்ட் பிரேக் பூட்டியிருக்கும்போது அழுத்தத்தைத் தக்கவைக்கும்படியும், லாக்கப்பை விடாமல் பிடிக்கும்படியும் வால்வ் பாடியையும் வயரிங்கையும் திருத்தியபின், அது இந்த வண்டிக்கு மிகச் சிறந்த துணை. வால்வ் பாடி வாங்கும்போதே இதற்காகவும் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

அதுவரை, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓவர்டிரைவ் பொத்தானை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் லாக்கப் விழுந்து நிற்கும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்து லாக்கப் விட்டுவிட்டால், பெடலை அழுத்திக்கொண்டே கன்வர்ட்டரில் தவழாமல், இரண்டாவதுக்கு இறக்கி மெதுவாக ஏறுங்கள். மேலே போய் நிறுத்த நேர்ந்தால் உடனே அணைக்காதீர்கள். நியூட்ரலில் சில நிமிடம் எஞ்சின் ஓடட்டும். கன்வர்ட்டரில் உள்ள சூடான ஆயில் கூலருக்குப் போய்வர வேண்டும், பார்க்கில் அது நடக்காது. பார்க்கிங் பிரேக்கை மறக்க வேண்டாம்.